கழுவி அனுப்பிய டப்பா

அந்த விளையாட்டு மைதானத்தில் பெண்கள் உடை மாற்றும் அறைக்கு ஒரு மகாராணி இருந்தாள். இடுப்பில் இருபத்திரண்டு சாவி, கையில் துடைப்பம், வாயில் ஓயாத ஏச்சு. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சாவியக்கா. சொந்தப் பெயரைச் சம்பளக் கையெழுத்துக்கு மட்டும்தான் வைத்திருந்தாள். "ஈரக் காலோட உள்ள வராதீங்கடி! துடைக்கிறவளும் மனுஷிதான்!" என்று அவள் போடும் சத்தம் மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்கும். ஆனால் எவளுக்காவது முட்டி பெயர்ந்தால் மருந்துப் பெட்டியோடு முதலில் ஓடுகிறவளும் அவள்தான். நாப்கின் இருக்கிற அலமாரியின் சாவியும் அவளிடமே. எந்தப் பிள்ளை எந்த வாரம் வந்து தயங்கி நிற்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

வீட்டில் ஆள் கிடையாது. கணவன் போய்ச் சேர்ந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ஒற்றை உயிருக்கு என்னத்தைச் சமைப்பது என்று காலையில் டீயும் ரொட்டியும், ராத்திரி ஏதோ ஒன்று. மத்தியானம் கேட்டால், "எனக்கெல்லாம் பசிக்காது" என்பாள். பச்சைப் பொய். பசியில் வயிறு இழுத்துப் பிடிக்கும், தண்ணீரைக் குடித்துவிட்டுத் தரையைத் துடைக்கப் போவாள்.

பிள்ளைகளுக்குப் பள்ளி அரைநாள்தான். மத்தியானம் மைதானத்துக்கு வந்து, அறையில் இருக்கிற நீள பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஓடப் போவார்கள். அவர்களில் ஒருத்தி எக்ஸ்பிரஸ். பதினைந்து வயது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் அவளை முந்த ஆள் இல்லாததால் வந்த பெயர். அந்த வருடம் அவளுக்கு உடம்பு திரண்டது. வளர்கிற வயதில் உடம்பு வளராமல் வேறென்ன செய்யும்? இடுப்பு அகன்றது, தொடை பருத்தது, பழைய அரைக்கால் சட்டை இறுக்கிப் பிடித்தது. ஒருநாள் பயிற்சியாளர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ரெண்டு கிலோ இறக்கு, மூணு செகண்ட் தானா இறங்கும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவருக்கு அது ஒரு வார்த்தை. அந்தப் பிள்ளை அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் எல்லோரும் சாப்பிட்டு வெளியே போனபிறகு எக்ஸ்பிரஸ் மட்டும் பெஞ்சில் இருந்தாள். டப்பாவை நீட்டினாள்.

"அக்கா, இத நீங்க சாப்பிடுங்களேன்."

"ஏன்டி, உனக்கு?"

"நான் பழம் சாப்பிட்டேன். மிச்சம் வச்சா அம்மா வருத்தப்படும். கொட்டவும் மனசு வரல."

சாவியக்கா மூடியைத் திறந்தாள். சோறு, பொரித்த மீன் ரெண்டு துண்டு, பீன்ஸ், ஓரத்தில் ஒரு முட்டை. பத்தொன்பது வருடமாகத் தன் கையால் செய்ததையே தின்று சலித்த வாய். இன்னொரு பெண் விடியலில் எழுந்து, இதில் காரம் போதுமா, அதில் புளிப்பு சரியா என்று பார்த்துப் பார்த்துச் செய்த சோறு அவள் நாக்கில் பட்டதும் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாப்பிட்டாள். கழுவாமல் கொடுக்க மனசு வராமல் சோப்புப் போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தாள்.

ஒருநாள் என்பது தினமும் ஆனது. வாரம் மாதமானது. எக்ஸ்பிரஸ் இளைத்தாள். முதல் இரண்டு மாதம் நேரமும் குறைந்தது, ஒரு பந்தயத்தில் கோப்பையும் வந்தது. பயிற்சியாளர் முதுகில் தட்டினார். சாவியக்காவும் சும்மா இருக்கவில்லை. "சிட்டு மாதிரி ஆயிட்டடி, யார் கண்ணும் பட்டுடப்போகுது!" என்று கன்னத்தைத் தொட்டு நெட்டி முறித்தாள். அந்தப் பாராட்டுக்காக அந்தப் பிள்ளை இன்னும் ஒரு வாழைப்பழத்தைக் குறைத்திருப்பாள். யார் கண்டது?

நான்காம் மாதம் சாவியக்காவுக்கு ஒன்று உறைத்தது.

"என்னடி, அலமாரிப் பக்கமே உன்னக் காணோம்? மூணு மாசமாச்சே?"

"ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தான்க்கா. தொல்லை விட்டுச்சு."

சுருக்கென்றது அவளுக்கு. அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கு டப்பா வராது. அவள் அப்படி நினைத்தாளா என்று கேட்டால் சத்தியமாக இல்லை என்பாள். ஆனால் நினைத்தாள். மீனோடு சேர்த்து அந்தச் சந்தேகத்தையும் விழுங்கிவிட்டாள்.

ஐந்தாம் மாதம் அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு ஓட்டம். மூன்றாவது சுற்றில், பக்கத்தில் ஒருத்தரும் இடிக்காமல், காலில் ஒன்றும் தடுக்காமல், எக்ஸ்பிரஸ் அப்படியே விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு விரிசல் விட்டுப்போயிருந்தது. வேனில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை போனவள் சாவியக்காதான். அம்மாக்காரி சலவைக்கூடத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். மடித்துவிட்ட சட்டைக்கையை இறக்கக்கூட மறந்து ஓடி வந்தாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பதினஞ்சு வயசு எலும்பு மாதிரியே இல்லையேம்மா. பொண்ணு ஒழுங்கா சாப்பிடுறாளா?"

"ஐயோ டாக்டர், டப்பா நக்கி வச்ச மாதிரி காலியா வருது! ஒரு பருக்கை இருக்காது. மைதானத்துல வயிறு நிறைய சாப்பிட்டேன்னு ராத்திரி ரெண்டு வாயோட எழுந்துடுவா. இவ்வளவு சாப்பிட்டும் உடம்புல ஒட்டலையேன்னு பூச்சி மருந்து கொடுத்தேன், தைராய்டுகூட பார்த்தாச்சு."

"அப்போ குடல்லதான் கோளாறு இருக்கணும். உள்ள குழாய் விட்டுப் பார்க்கணும்" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

கட்டிலில் கிடந்தவள் சாவியக்காவையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையைக் கொஞ்சமாக அசைத்தாள். அந்தப் பிள்ளை தன்னை நம்புகிறது என்று சாவியக்காவுக்குத் தெரிந்தது. இந்த அம்மா தன்னை என்ன நினைப்பாள்? ஆனால் ஒன்றும் செய்யாத குடலில் குழாய் விடப்போகிறார்கள். தான் வாய் திறக்காவிட்டால், வீட்டுக்குப் போனபிறகும் டப்பா யார் கைக்காவது போய்க்கொண்டேதான் இருக்கும்.

"டாக்டரம்மா, எழுதாதீங்க. அந்த டப்பாவ அவ தொட்டதே இல்ல. அஞ்சு மாசமா நான்தான் சாப்பிட்டேன். மாதவிலக்கும் நின்னு போச்சு. எனக்குத் தெரியும், நான் சொல்லல."

டாக்டர் பேனாவை மூடினார். "ஓடுற உடம்புக்கு மத்தவங்களவிட அதிகமா வேணும். பத்தலைன்னா அது முதல்ல மாதவிலக்க நிறுத்தும், அப்புறம் எலும்புல கைவைக்கும்." பிறகு கட்டிலின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தொடை திரண்டது கேடு இல்ல கண்ணு. அதுதான் உன்ன ஓட வைக்கிற பலம்."

எக்ஸ்பிரஸ் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. "உங்கள நம்பித்தானேக்கா கொடுத்தேன்" என்று சாவியக்காவிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வராந்தாவில் அம்மாக்காரி பின்னாலேயே வந்தாள். சாவியக்கா அடியை எதிர்பார்த்து நின்றாள். விழுந்தால் நல்லது என்றுகூட இருந்தது.

"தினமும் நீங்களா சாப்பிட்டீங்க?"

"தினமும்தாம்மா. பாவி நான்."

அம்மாக்காரி மடித்துவிட்டிருந்த சட்டைக்கையை இப்போதுதான் இறக்கிவிட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"என்னம்மா?"

"சாப்பாடுதான். அவகிட்ட கேட்டா, நல்லா இருந்துச்சும்மான்னு ஒரே பதில்தான் வரும். சாப்பிட்டவங்க நீங்க, நீங்களாவது சொல்லுங்க."

இனி ஒரு பொய்கூட வேண்டாம் என்று இருந்தது சாவியக்காவுக்கு. "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. புதன்கிழமை மட்டும் உப்பு தூக்கலா இருக்கும்."

"செவ்வாய் எனக்கு ராத்திரி ஷிஃப்ட். தூக்கக் கலக்கத்துல ரெண்டு தரம் போட்டுடுவேன். அடியில மிஞ்சினத நான் வாயில வைக்கும்போதுதான் தெரியும், ஐயோ, இத பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துட்டோமேன்னு. சாயங்காலம் பார்த்தா டப்பா காலி. அம்மா மனசு நோகக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லாம இந்த உப்பையும் சாப்பிட்டிருக்கா பாருன்னு, என் பொண்ண நினைச்சு எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமாக்கா?"

அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. சுவரோரம் குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தொட்டுத் தேற்ற சாவியக்காவுக்குக் கை வரவில்லை. பக்கத்திலேயே தானும் உட்கார்ந்தாள்.