காசி பஸ்ஸில் நான் மாட்டிய தொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தேன். காசி யாத்திரை போகும் பஸ் ஒன்று வேலைக்கு வந்தது. ஓடும் பஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் வழியே கை கழுவுகிறார்கள், அது பின்சீட்டுக்காரன் முகத்தில் அடிக்கிறது, தினமும் சண்டை. அதனால் உள்ளே ஒரு வாஷ்பேசினும், அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்க அடியில் ஒரு தகரத் தொட்டியும் கேட்டார் பஸ்காரர்.

லாரிக்கு டூல் பாக்ஸ் மாட்டுவதுபோல, தொட்டியை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு இறுக்கி போல்ட் போட்டேன். நடுவில் ரப்பர் வைக்கவில்லை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்த்தேன், ஒழுகவில்லை. நிற்கிற வண்டியில் ஏன் ஒழுகும்? ஓடும்போது சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும், ரப்பர் இல்லாவிட்டால் வெல்டிங் விடும் என்று தெரியும். சோம்பேறித்தனம், வேறொன்றும் இல்லை.

வழியில் ரிப்பேர் பார்க்க என்னையே கூட அனுப்பினார்கள். அம்மாவுக்கும் ஒரு சீட் கேட்டு வாங்கினேன். அவள் சேலத்தைத் தாண்டியதில்லை.

நாக்பூர் தாண்டி, சமைக்க நிறுத்தினோம். தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சாமான் பெட்டியைத் திறந்ததும் நாறியது. தொட்டியின் வெல்டிங் விட்டு, உள்ளே இருந்த ஒரு மூட்டை அரிசி நனைந்திருந்தது.

“ஊரே வாய் கொப்புளிச்ச தண்ணிங்க! இதையா நாங்க திங்கறது?”

“தொட்டி மாட்டுன மகராசன் இதோ நிக்கறானே, அவனுக்கே ஆக்கிப் போடுங்க.”

“இவனை இங்கயே எறக்கி உடுங்க. இல்லாட்டி வண்டியத் திருப்புங்க.”

பஸ்காரர் என் பையை எடுத்துக் கீழே வைத்தார். பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மா வந்தாள். “பையன எறக்காதீங்க சாமி. அந்த மூட்டை எனக்கு இருக்கட்டும். கழுவி நான் தின்னுக்கறேன்.”

“எச்சத்தண்ணிங்க அது.”

“தெரியுமுங்க.”

அதோடு கூச்சல் அடங்கியது. என் பை மறுபடி பஸ்ஸுக்குள் போனது.

அன்று முதல் ஊர் திரும்பும்வரை அம்மா தனியாக மூன்று கல் கூட்டி அந்த அரிசியைப் பொங்கினாள். அவள் பாத்திரம் மற்ற பாத்திரங்களோடு படாமல் பார்த்துக்கொண்டார்கள். கங்கையில் குளித்த அன்றும் அப்படித்தான்.

நான் மற்றவர்களோடு வரிசையில் உட்கார்ந்து நல்ல அரிசிச் சோறு தின்றேன். என்னை யாரும் எழுப்பவில்லை. நானும் எழுந்து அம்மா பக்கம் போகவில்லை, ஒரு வேளைகூட.