அழித்த கேசட்டில் மிஞ்சியது

என் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு ஆந்திரா பக்கம் போர்வெல் போடப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்தார். மைக் அதற்குள்ளேயே இருந்தது. எதிரில் உட்கார்ந்து பேசினால் போதும். நான் பேசிய கேசட்டை லாரிக்காரர்கள் கொண்டு போவார்கள். அவர் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

வீட்டில் வாய் திறக்க முடியாது. கிணற்றடி மோட்டார் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவேன். பேச்சில் பாதி என் ஓரகத்தியைப் பற்றித்தான், அதாவது அவருடைய அண்ணன் மனைவியைப் பற்றி. எல்லோருக்கும் ஒரே அடுப்பு. தனியாகப் போய்விடலாம் என்று ஒவ்வொரு கேசட்டிலும் நச்சரிப்பேன்.

பிறகு அவர் பெரிய டேப் செட் ஒன்று வாங்கினார். பழையதை விற்கிறோம் என்றதும் ஓரகத்தி முந்திக்கொண்டார்.

"வெளியாளுக்கு எதுக்குக் கண்ணு குடுக்கற? நானே எடுத்துக்கறேன். அந்தக் கேசட்டையும் சேத்துக் குடு."

ஒரு பாட்டைக்கூட நின்று கேட்டறியாதவருக்குக் கேசட் எதற்கு? நான் மோட்டார் ரூமுக்குப் போவதை எத்தனை நாளாக நோட்டம் விட்டாரோ! தரமாட்டேன் என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"செவப்பு ரெக்கார்டு பட்டனை அமுக்கிச் சும்மா ஓட உடு புள்ள, பழசெல்லாம் அழிஞ்சு போயிரும்" என்றார் வீட்டுக்காரர்.

ஓரகத்தி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, கதவைச் சாத்தி, இரண்டு பக்கமும் ஓடவிட்டோம். முதலில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம்தான் என் வாய் சும்மா இருக்கும்?

"ஏனுங்க, அந்தக்காவுக்குக் கேசட் எதுக்குங்க? நம்ம பேச்சை ஒட்டுக் கேக்கத்தானுங்க. சரியான கள்ளிங்க அது."

அவர் சிரித்தார். முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்தின் ஆரம்பத்தையும் போட்டுப் பார்த்தேன். சத்தமே இல்லை. நிம்மதியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மறுநாள் ஓரகத்தி கேசட்டைத் திருப்பி நீட்டினார். கண் சிவந்திருந்தது.

"ஒரிசாவுல இருக்கற எம்பொண்ணுக்கு நாலு வார்த்த பேசி அனுப்பலாமுன்னு கேட்டேன். எனக்கு எழுத வராதே. சொன்னா நீ சிரிப்பீன்னு சொல்லல. பழசையெல்லாம் சுத்தமா அழிச்சிருக்கற கண்ணு. அழிக்கையில பேசுனதுதான் இருக்குது."

கேசட்டை வாங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

அந்த ஐப்பசியில் எங்களுக்குத் தனி அடுப்பு வந்தது. மாமனாரிடம் பேசி அதை வாங்கித் தந்ததும் ஓரகத்திதான். நான் பால் காய்ச்சிய அன்று சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த ஓரகத்தி மட்டும் வரவில்லை.