உண்டியலை உதைக்கும் வீரன்

இந்த ஊரில் யார் என்ன சாதித்தாலும், ஷீல்டுக்காரர் தட்டிக் கொடுத்த பிறகுதான் அது சாதனை. அவர் கடை சாத்தியிருந்த நாட்களில் ஓட்டப் பந்தயத்தில்கூட ஒருவரும் ஜெயித்ததில்லை. கொஞ்சம் ஏற்றிச் சொன்னதுதான். பாதியைக் கழித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மருந்துக் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில், ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டிய அகலத்தில் அவருடைய பரிசுக் கேடயக் கடை. அலமாரி நிறையத் தங்க முலாம் பூசிய பிளாஸ்டிக் மனிதர்கள்: ஓடுகிறவர்கள், பாடுகிறவர்கள், பந்தை உதைக்கிறவர்கள். அத்தனை பேரும் ஜெயித்த களையோடு நிற்க, நடுவே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடிக்கொண்டிருப்பவர் ஷீல்டுக்காரர். மூலையில் பெட்டி கட்டுவது அவர் மனைவி. யோசித்துத்தான் பேசுவார். ஆனால் யோசித்து முடிக்கக் கொஞ்சம் நாளாகும்.

ஒருநாள் இளைஞர் சேமிப்புச் சங்கத்தின் செயலாளர் அம்மாள் வந்தார்.

"மூணு ஷீல்டு வேணும். பள்ளிக்கூடத்துல பணத்தைப் பத்திப் பாடம் கட்டாயம்னு சட்டம் கொண்டு வந்தாங்கல்ல, அந்த மூணு சட்டசபை உறுப்பினர்களுக்கு. உச்சியில ஒரு பொம்மை இருக்கணும். பார்த்ததும் விஷயம் புரியணும்."

"புரிய வச்சிடலாம்மா."

"நல்லா வந்தா வருஷா வருஷம் உங்களுக்குத்தான். இல்லேன்னா எதிர்க்கடையில கண்ணாடியிலயே மெஷின் வச்சு வெட்டித் தர்றாங்களாம்."

எதிர்க்கடையின் பெயரைக் கேட்டாலே ஷீல்டுக்காரர் கல்லாப்பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வார். பள்ளிகளும் கிளப்புகளும் ஏற்கெனவே தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விட்டன. இதுவும் போனால் கடையை ஏறக்கட்டிவிட்டு மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். மருமகன் நல்லவர்தான். ஆனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றைப் பற்றியும் அவருக்கு ஒரு கருத்து உண்டு, அதைக் காலைச் சாப்பாட்டோடு ஆரம்பித்துவிடுவார்.

சேமிப்புக்கு எந்தப் பொம்மை? பாடகியின் கையிலிருந்த மைக்கை அறுத்துவிட்டுப் பேனாவை ஒட்டிப் பார்த்தார். ஐஸ் குச்சி சப்புவது போல இருந்தது. தீப்பந்தம் ஏந்தி ஓடுகிறவன் கையில் பணப்பையைக் கொடுத்தார். திருடிக்கொண்டு ஓடுவது போல இருந்தது. அப்போதுதான் கலைந்துபோன ஒரு கால்பந்துக் குழு வாங்காமல் விட்ட வீரர்கள் கண்ணில் பட்டார்கள். அடடா, பந்தும் உருண்டை, மண் உண்டியலும் உருண்டை. கத்தியைச் சூடு பண்ணி, பந்தின் தலையில் காசு போடும் பிளவை இழுத்தார். அச்சு அசல் உண்டியல். புதுப் பொம்மை வாங்கும் செலவும் மிச்சம். சேமிப்புச் சங்கத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யார் செய்வார்கள்? பித்தளைத் தகட்டில் பெயர்களைச் செதுக்கி, திருகி, துடைத்து, பட்டுத் துணி போர்த்தி, பெருமையோடு நேரே விழா மண்டபத்துக்கே அனுப்பிவைத்தார்.

விழாவுக்கு இருவருக்கும் அழைப்பு வந்தது. கடைசி வரிசை. மேடை மேசையில் மூன்று ஷீல்டுகளும் பட்டுத் துணிக்குள் முக்காடு போட்டு நின்றன. வரவேற்புரை பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது மனைவி யோசித்து முடித்தார்.

"ஏங்க."

"ம்."

"அந்தப் பொம்மை உண்டியலை எட்டி உதைக்குதே."

"கால்பந்து வீரன்னா உதைக்கத்தான் செய்வான்."

"இது சேமிப்புக்குத் தர்ற ஷீல்டுங்க."

ஷீல்டுக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "இதை நேத்து சொல்றதுக்கென்ன?"

"நேத்து பெட்டி கட்டிட்டிருந்தேன்."

ஷீல்டுக்காரர் எழுந்து, குனிந்தபடியே மேடையை நோக்கி நடந்தார். துணியோடு மூன்றையும் அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிடலாம் என்றுதான் எண்ணம். முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது செயலாளர் அம்மாள் துணியை உருவிவிட்டார். அம்மாளின் முகம் கறுத்தது. எதிர்க்கடைக்குப் போகும் வழி அந்த முகத்திலேயே தெரிந்தது.

முதலில் அழைக்கப்பட்டவர் ஒரு பெண் உறுப்பினர். ஷீல்டை வாங்கினார். பொம்மையைப் பார்த்தார். பந்தின் தலையில் இருந்த பிளவை விரலால் தடவினார். ஷீல்டுக்காரர் மனசுக்குள் மருமகன் பேச ஆரம்பித்துவிட்டார்.

"யாரு செஞ்சதுன்னு தெரியல," என்றார் அந்த உறுப்பினர் மைக்கில். "நான் மொத மொத சம்பளம் வாங்கினப்போ எப்படி இருந்தேனோ அப்படியே செஞ்சிருக்காங்க. கைக்கு வந்ததையெல்லாம் உதைச்சுத் தள்ளிட்டு, மாசக் கடைசியில பஸ்ஸுக்கு எங்கப்பாகிட்ட கை நீட்டினவ நான். எனக்கு அப்போ சொல்லிக் கொடுக்க ஆளில்ல. இனிமே வர்ற பிள்ளைங்களுக்கு அந்த நிலைமை வரக்கூடாதுன்னுதான் இவங்க ரெண்டு பேரோட சேர்ந்து சபையில அவ்வளவு மல்லுக்கட்டினேன். இது என் மேசை மேலதான் இருக்கும். உதைக்காதேன்னு தினமும் சொல்லிக்கிட்டே இருக்கும்."

மண்டபம் சிரித்தது. பிறகு கைதட்டல். மற்ற இரண்டு உறுப்பினர்களும் தங்கள் உதைக்கும் வீரனை ஆசையோடு வாங்கிக்கொண்டார்கள்.

விழா முடிந்து செயலாளர் அம்மாள் இருவரையும் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டார். "உண்மையைச் சொல்லுங்க, வேணும்னேதான் அப்படிச் செஞ்சீங்களா?"

ஷீல்டுக்காரர் ஒரு கணம் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தார்.

"பின்ன?" என்றார் ஷீல்டுக்காரர்.

"அடுத்த வருஷமும் உதைக்கிற ஆளே இருக்கட்டும்."

மகள் வீட்டுப் பயணம் அத்தோடு ரத்து. இப்போது கடைக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைக் கேட்காமல் வெளியே போக முடியாது, வாசலின் அகலம் அப்படி. சொல்லச் சொல்லக் கதை வளர்கிறது. நேற்று சாவிக்கடைக்காரரிடம் சொன்னபோது, அந்த உறுப்பினர் மறுவாரமே கடையைத் தேடி வந்து, இதே இடத்தில் அரை மணி நேரம் நின்று பாராட்டினார் என்று முடித்தார்.

மூலையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த மனைவி, இந்தத் தடவை நாள் எடுத்துக்கொள்ளவில்லை.

"பாராட்ட வரலண்ணே. பொம்மையோட கால் கழண்டுடுச்சு, ஒட்டித் தாங்கன்னு வந்தாங்க. அரை மணி நேரம் நின்னது பசை காயறதுக்கு."