கட்டைவிரல் சிவப்பு

என் தம்பி கல்கத்தாவில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்தபோது ஒரு பித்தளை மைக்ராஸ்கோப்பும், பஞ்சு அடைத்த சில சீசாக்களும் கொண்டுவந்தான். சீசாக்களுக்குள் ஈ. வாழைப்பழம் கனிந்தால் எங்கிருந்தோ வந்து சேருமே, கடுகில் பாதி இருக்கும், அந்த ஈ. அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏன்டா, நம்மூர்ல இல்லாத ஈயா? இதுக்கா ரயில் சார்ஜு?" என்றார். ராசிபுரம் சந்தை வரைக்கும் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது.

நான் புருசனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு வெள்ளைச் சீலையோடு பிறந்த வீடு திரும்பியிருந்த காலம் அது. பிறந்த வீடு என்று பேர்தான். பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள், வீடு அண்ணனுடையது. அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் நங்கை என்போம். சாவி நங்கை இடுப்பில். எனக்குத் தட்டத்தை வைக்கமாட்டாள், தள்ளிவிடுவாள். "அறுத்துட்டு வந்தவளுக்கு அரிசிச் சோறு, ஆண்டுட்டு இருக்கறவளுக்குக் கம்பங்கஞ்சி" என்று ராகம் போட்டுச் சொல்வாள். சொல் நன்றாகத்தான் இருக்கும். நல்ல சொல் என் தலைமேலே விழுந்தாலும் ரசிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பள்ளிக்கூடம் போகாதவள். தம்பியின் பழைய புத்தகங்களை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து வந்தவள். சொல்லைத் தவிர எனக்கென்று வேறு சொத்து ஏது?

கடலை மூட்டை போடுகிற அறையின் ஜன்னலோரம் தம்பி மேஜை போட்டுக்கொண்டான். ஈக்கு ஆகாரம் காய்ச்சத்தான் என்னை முதலில் கூப்பிட்டான். சோளமாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கூழாகக் கிண்டி சீசாவில் ஊற்றி, ஆறினதும் மேலே ஒரு சொட்டுக் கள் மண்டி விட வேண்டும். மண்டி என்றால் கள்ளுப் பானையின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அது. அது பொங்கினால்தான் புழுவுக்குத் தீனி. ஊரில் கள் இறக்குகிற மரமேறி ஒரு ஜாடியில் கொண்டுவந்து கொடுத்தான்.

பிறகு ஊசியையும் என் கையில் கொடுத்துவிட்டான். புழு கொழுத்துக் கண்ணாடிமேல் ஏறும் சமயம் பார்த்து எடுப்பேன். உப்புத் தண்ணீர்ச் சொட்டில் போட்டு, ஒரு ஊசியால் உடம்பை அழுத்திக்கொண்டு, இன்னொன்றால் வாயிலிருக்கும் கறுப்புக் கொக்கியைப் பிடித்து இழுத்தால் தலை கழன்று வரும். தலையோடு எச்சில் சுரப்பி இரண்டும் கண்ணாடிப் பூண்டுப்பல் மாதிரி வரும். தலை போன பின்னும் உடம்பு நெளியும். முதல் நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் இறங்கிற்று. சுரப்பியின்மேல் சிவப்புச் சாயம் விட்டு, மெல்லிய கண்ணாடி மூடி, கட்டைவிரலால் ஒரே அழுத்து. அழுத்தம் குறைந்தால் விரியாது. விரல் நகர்ந்தால் எல்லாம் கூழ்.

சரியாய் விழுந்த நாளில் மைக்ராஸ்கோப்புக் குழாய்க்குள் பார்க்க வேண்டும். கட்டுவிரியன் மேல் கட்டுக்கட்டாய் இருக்குமே, அப்படிச் சிவப்புக் கட்டுகள் போட்ட கயிறுகள். குரோமோசோம் என்றான் தம்பி. அப்பன் வழி ஒன்று, ஆத்தா வழி ஒன்று, இரண்டும் கட்டுக்குக் கட்டு ஒட்டி ஒரே கயிறாய்க் கிடக்குமாம். எங்கள் குப்பைக்குழியில் பிடித்த ஈயின் வாரிசுகளில் ஒரு கயிறு மட்டும் நடுவில் மடங்கி வளையமாய் நின்றது. ஒருவழித் துண்டு தலைகீழாய்த் திரும்பியிருக்கிறது, மற்றது அதோடு ஜோடி சேர வளைந்து கொடுக்கிறது என்றான்.

"இது போதுமுங்க்கா. உசுரோட இந்த ஈயக் கொண்டுபோய்க் காட்டுனா மெட்ராஸ் காலேஜ்ல வேலை எனக்குத்தான். உங்களையும் கூட்டீட்டுப் போயிர்றனுங்க்கா. அங்க உங்களுக்கும் ஒரு நாற்காலி."

"வெள்ளைச் சீலைக்காரிக்கு நாற்காலி ஆருடா போடுவா?"

"அங்க எல்லாரும் வெள்ளைக் கோட்டுப் போட்டிருப்பாங்க. கூட்டத்துல உங்களக் கண்டுபிடிக்க முடியாதுங்க்கா."

அன்றிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் நான் சாணி அள்ளினேன்.

தம்பி கெட்டவன் இல்லை. வேலையில் கறார். பார்த்து முடித்த ஈக்களை மயக்கமருந்து காட்டி விளக்கெண்ணெய்க் கிண்ணத்தில் கொட்டிவிட வேண்டும், சீசாவைக் கொதிதண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். வெளியில் விடலாமே என்றேன் ஒருமுறை. "தேவை தீந்ததை வச்சிருந்தா எடம் பத்தாதுங்க்கா" என்றான். வளைய ஈ தொலைந்தால் மறுபடி தேடிப் பிடிக்க மாதக்கணக்காகும், அதை மட்டும் ஒரே இடத்தில் வைக்கக்கூடாது என்பதும் அவன் பாடம்தான். அதில் ஒரு சீசாவை நான் சமையல்கட்டில் காலியாய்க் கிடந்த குதிருக்குள் வைத்துப் பார்த்து வந்தேன்.

சாயம் விரலை விட்டுப் போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கட்டைவிரல் சிவந்தே கிடந்தது. கிணற்றடியில் நாலு பெண்டுகளுக்கு முன்னால் நங்கை என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "பாருங்க, தாலி அறுத்த கைக்கு மருதாணி கேக்குது." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது, என்ன செய்ய?

இதற்கு நடுவில் எங்கள் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. ராஜதானியிலேயே முதலில் எங்களுக்குத்தான். ஊர்க் கமிட்டிக்கு அண்ணன் தலைவர். மேடையேறிப் பேசினார், கலயங்களை உடைத்தார். பனையேறியே பிழைத்த மரமேறி ஒளித்து இறக்கியபோது பிடித்துப் போலீசில் கொடுத்ததும் அவர்தான். அவன் பெண்டாட்டி கூழுக்கு வந்து வாசலில் நின்றாள். "ஈக்கே பத்தல, போ" என்றாள் நங்கை. நான் உள்ளே கருப்பட்டி போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

மண்டி ஜாடியை மட்டும் தம்பி விடவில்லை. கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி ஊற்றி உயிரோடு வைத்திருந்தான். அறைப் பக்கம் போனாலே கள்ளுக்கடை வாசம். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். நாங்கள் வைத்திருந்தது பாலும் இல்லையே.

ஒரு காலையில் ஏட்டு வந்தார், கூடவே வீங்கின முகத்தோடு மரமேறி. அடி தாங்காமல், "கமிட்டிக்காரரு ஊட்லயே மண்டி இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டானாம். ஏட்டு நேரே கடலை அறைக்குப் போய் ஜாடியை மோந்து பார்த்தார். பிறகு தடியால் சீசாக்களை ஒவ்வொன்றாய்த் தட்டினார். ஈ கிளம்பி எல்லோர் முகத்திலும் உட்கார்ந்தது. மீசையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இது ஆருது?"

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி உடைந்த சீசாக்களைப் பார்த்தான். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எங்கள் இரண்டு பேர் சதைக்குள்ளும் ஒரே கயிறுகள்தானே ஓடும் என்று நான் அந்த ஜன்னலோரம் எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். அவன் வாய் திறக்கக் காத்திருந்தேன். திறந்தான்.

"அக்கா வச்சிருந்ததுங்க. எனக்குத் தெரியாது."

அண்ணன் மூச்சு விட்டார். "அவ பேருக்கே எழுதிக்குங்க ஏட்டய்யா. அறுத்தவ குடிச்சான்னா ஊரு நம்பும்."

"அம்மிணி குடிக்கலீங்க சாமி" என்றான் மரமேறி. "ஈக்குங்க. அந்தச் சின்னய்யன்தான் என்கிட்ட வாங்…"

ஏட்டு ஓங்கி ஒன்று வைத்தார். அவன் வாயிலிருந்து ரத்தம் ஒழுகியது. அன்றைக்கு அந்த வீட்டில் எனக்காகப் பேசினவன் அவன் ஒருத்தன்தான்.

காகிதத்தை நீட்டினார்கள். எனக்குக் கையெழுத்துப் போட வரும் என்றேன். "அறுத்த பொம்பளை கையெழுத்து ஆருக்கு வேணும்? வெரலை வை" என்று கையைப் பிடித்து இழுத்த ஏட்டு, விரலைப் பார்த்துச் சிரித்தார். "மை எதுக்கு, இவளே பூசீட்டு வந்திருக்கறா."

ராசிபுரத்தில் கோர்ட்டுக்குப் போய் நின்றேன். தண்டத்தை அண்ணன் கட்டினார், நங்கை அதை என் சோற்றில் பிடித்தாள். படுக்கை மாட்டுக்கொட்டாய்க்குப் போயிற்று.

மெட்ராசுக்குக் கிளம்புகிற அன்று தம்பி கொட்டாய்க்கு வந்தான். முகம் பார்க்காமல், "அக்கா, குப்பைக்குழி ஈ… எங்கியாச்சும் ஒண்ணு வச்சிருப்பீங்களே" என்றான். என்னை அறிந்தவன்.

"என்னையும் கூட்டீட்டுப் போறயா சாமி?"

"கேஸ் ஆன பேருங்க்கா. காலேஜ்ல விசாரிப்பாங்க. கொஞ்ச நாள் போகட்டுமுங்க."

"நீ சொன்னாத்தானே அவுங்களுக்குத் தெரியும்?"

அவன் கன்றுக்குட்டியைத் தடவிக்கொடுத்தான்.

நான் எழுந்து போய்க் குதிரிலிருந்து சீசாவை எடுத்துவந்தேன். வழக்கம் மாறாமல் ஈ சீசா நிறைய இருந்தது. அவன் முகம் மலர்ந்ததே, சின்ன வயதில் வெல்லக்கட்டி கொடுத்தால் மலருமே, அப்படி. கடலை அறைக்கு என் பின்னாலேயே வந்தான். மயக்கமருந்து காட்டினேன். வழிக்கு வேறு சீசாவில் மாற்றப்போகிறேன் என்று நினைத்து பஞ்சு அடைப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றான். ஈ எல்லாம் விழுந்ததும் எண்ணெய்க் கிண்ணத்தில் கொட்டினேன். அடுப்பிலிருந்து பானையை இறக்கிவந்து, புழு நெளிந்த கூழின்மேல் கொதிதண்ணீரை ஊற்றினேன். தினமும் கழுவுகிற மாதிரிதான். அவன் கையை நீட்டிவிட்டு ஆவி பட்டதும் இழுத்துக்கொண்டான்.

"ஒரு சோடி உட்டிருந்தாப் போதுமேக்கா" என்றான்.

"தேவை தீந்ததை வச்சிருந்தா எடம் பத்தாது சாமி."

பஸ்சுக்குப் போய்விட்டான். காலேஜ் வேலை கிடைக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. என்ன வேலை கிடைத்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த மாம்பழக் காலத்தில் குப்பைக்குழி மேல் ஈ பழையபடி மொய்த்தது. வளையம் உள்ளது எது, இல்லாதது எது, வெறுங்கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான். சாணிக் கூடையைக் கவிழ்த்துவிட்டுச் சற்று நின்று பார்ப்பேன். வாசலிலிருந்து நங்கை சொல்வாள், "பாரு, ஊட்டுக்கு வந்த ஒறம்பரையப் பாக்கற மாதிரி பாத்துட்டு நிக்கறா. வழியனுப்பிப் போட்டு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுடி."