கார்டுராய் கோட்டின் முதுகு

யுத்த காலத்தில் திண்டிவனத்தில் நான் தையல் கடை போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. எங்கள் சேரித் தெருவில் மிஷின் மிதித்த முதல் ஆள் நான்தான். ஆனாலும் தெருக்காரர்கள் என்னிடம் கிழிசல் தைக்கத்தான் வருவார்கள். புதுத் துணி என்றால் பஜாருக்கு ஓடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது விழுப்புரம் ரயில் ஷெட்டில் இஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேனாக இருந்த எங்கள் தெருப் பையன் கல்யாணக் கோட்டுக்குத் துணி கொண்டுவந்தான். கார்டுராய். அவனுடைய இஞ்சின் டிரைவர் சீமைக்குப் போகும்போது கொடுத்தது. கார்டுராயில் நெல் அகலத்துக்கு வரி ஓடுகிற முரடும் உண்டு, ஊசி அகலத்துக்கு ஓடுகிற நைசும் உண்டு. இது நைசு. காப்பிக்கொட்டை நிறம், தடவினால் பூனைக்குட்டி மாதிரி இருந்தது.

"அண்ணே, உன்ன நம்பித்தான் குடுக்கறேன். இந்தத் தட்டுப்பாட்டுல வேற துணிக்கு எங்க போறது?" என்றான்.

சித்திரை வெயிலில் இதைப் போட்டுக்கொண்டு அவியப்போகிறானே என்று நினைத்தேன், சொல்வேனா? கோட்டு நன்றாக அமைந்தால் தெருவே என்னிடம் வரும். கெட்டால் கடையை மூடிவிட்டு கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகவேண்டியதுதான்.

கோட்டு அச்சாக அமைந்தது. அதோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்குமா? கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், மற்ற துணிக்குச் செய்வது போலவே தண்ணீர் தெளித்து, கரி இஸ்திரிப் பெட்டியை முதுகில் வைத்து ஒரே அழுத்து. எடுத்துப் பார்த்தால் வரியெல்லாம் படுத்துவிட்டது. நடு முதுகில் பெட்டி அளவுக்குப் பளபளப்பு. அட பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். அழுகையே வந்துவிட்டது.

கஞ்சி கொண்டுவந்த என் மனைவி பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் மிஷன் பங்களாவில் வேலை செய்தவள் அவள்.

"என்னாத்துக்குப் பொலம்பிக்கினு கெடக்கற? தொரசாணி வூட்ல வெல்வெட்டு தெரை இப்படித்தான் படிஞ்சிப்பூடும். ஆவில காட்டுனா எழுந்துக்கும்."

பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கோட்டின் உள்பக்கத்தை ஆவிக்கு நேராகப் பிடித்தோம். பிரஷ்ஷால் மெல்ல நீவினேன். மத்தியானத்துக்குள் வரிகள் எழுந்துவிட்டன. பெட்டியின் மூக்கு பட்ட இடம் மட்டும் எழவே இல்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வந்தான். சொல்ல வாயெடுத்தேன்; "ஜல்தியா குடுண்ணே" என்று வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

சர்ச்சில் மாப்பிள்ளை முன்னால் பார்த்து நிற்பான், ஜனம் முழுக்க அவன் முதுகைத்தான் பார்க்கும் என்பது அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. போதகர் சொன்னது ஒன்றும் காதில் ஏறவில்லை.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் அம்மா அவன் முதுகைத் தடவினாள். "எம்மாம் மெத்துனு இருக்குது!" அவ்வளவுதான். களை பிடுங்கிக் காய்த்த கைகள் ஒவ்வொன்றாக வந்து மேலும் கீழுமாகத் தடவின. முதுகு முழுக்க வரிகள் தாறுமாறாகக் கலைந்து, அந்தப் பெட்டித் தடம் எங்கே என்று எனக்கே தெரியவில்லை. உயிர் வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா என் முன்னால் வந்து இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு சட்டை தெச்சிக் குடு. பஜார்ல எட்ட நிக்கவெச்சிக் கண்ணாலயே அளக்கறாங்க. நீ தொட்டு அள."

டேப்பு கடையில் இருந்தது. ஜாண் போட்டே அவர் தோளை அளந்தேன். அந்த வயதில் அவர் கூச்சம் தாங்காமல் நெளிந்து சிரித்தார்.