புதுநன்மைக்கு முந்திய நாள்

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்திய வருடம், பாஸ்கு திருநாள் கழிந்த மறு ஞாயிறு, திண்டிவனத்தில் எனக்குப் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை அப்பத்தை நாவில் வாங்கும் நாள். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் ஒரு முறை உண்டு. புதுநன்மை வாங்கப்போகும் பிள்ளை, சொந்தக்காரர் ஒவ்வொருவர் முன்னும் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்கவேண்டும். ஒருவரையும் விடக்கூடாது. அப்பா கோவிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார், ஒழுங்கு தவறாதவர். உள்ளூர்ச் சொந்தங்களை வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டு, சனிக்கிழமை காலை என்னை விழுப்புரத்துக்கு ரயிலில் கூட்டிப்போனார். அங்கே அவருடைய தங்கை இருந்தாள்.

அத்தையை நான் அதுவரை பார்த்ததில்லை. விதவையான பிறகு, கோவிலில் கல்யாணம் செய்துகொள்ளாமல், ரயில்வேயில் வேலைபார்த்த ஓர் இந்துவோடு குடித்தனம் நடத்தினாள் என்று அப்பா அவளுக்குக் கதவைச் சாத்தியிருந்தார். அந்த மனிதரும் இறந்துபோய், ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு குடிசையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை அவித்து விற்றுப் பிழைத்துவந்தாள்.

அடுப்பின் முன் இருந்தவளிடம் போய் முழந்தாளிட்டு, மனப்பாடம் செய்திருந்ததை ஒப்பித்தேன். நான் செய்த குற்றங்குறைகளை எல்லாம் மன்னித்துக்கொள்ளுங்கள்.

"அய்யே, எழுந்திரு கண்ணு! எம் மூஞ்சியே இன்னிக்குத்தான் பாக்கற. அதுக்குள்ள எனக்கு இன்னா குத்தம் பண்ணிட்ட?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. என்னைத் தூக்கி நிறுத்தி, ஈர விரலால் நெற்றியில் சிலுவை வரைந்தாள். பிறகு வாசலுக்குப் போனாள். அப்பா உள்ளே வராமல் குடையோடு வெளியே நின்றிருந்தார். அத்தை தெருமண்ணில் முழந்தாளிட்டு அவர் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் கேக்கறேண்ணா. பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன், சாமியாரே பொறுத்துக்கினாரு. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்குப் பூசைக்கு வந்து, கடைசியா நின்னுக்கினு புள்ளையைப் பாத்துட்டுப் போயிடறேன். வூட்டுப் பக்கம்கூட வரமாட்டேன்."

அப்பா பாதங்களை இழுத்துக்கொண்டார். அதட்டவில்லை. அவர் யாரையும் அதட்டுகிறவர் அல்ல. "வண்டிக்கு நேரமாச்சு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

நேரம் ஆகியிருக்கவில்லை. ஸ்டேஷனில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வண்டி வந்து நின்றபோது அத்தை ஓடிவந்து, ஜன்னல் வழியாக என் மடியில் சூடான மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றைப் போட்டாள்.

"அத்தே, நாளைக்குக் கண்டிப்பா வந்துடுங்க!" என்றேன்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் எதிர்ப்பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்றேன் கண்ணு, வர்றேன்" என்றாள்.

வழியெல்லாம் அப்பா என்னை ஞானோபதேசம் ஒப்பிக்கச் சொன்னார். இரக்கத்தின் கிரியைகளைச் சொல்லிக்கொண்டு வந்தவள், பிறர் நமக்குச் செய்த தீங்கைப் பொறுத்துக்கொள்வது என்ற இடத்தில் தடுமாறி நின்றேன். அவரே எடுத்துக்கொடுத்தார். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அந்த ஐப்பசி மழையில் அத்தை இருமி இருமி இறந்துபோனாள். அப்பா போகவில்லை. பூசைக்கு மட்டும் சொல்லிவைத்தார், அவள் பெயரைச் சொல்லாமல், மரித்த ஓர் ஆத்துமத்துக்காக என்று. அதற்குப் பின்னும் வெகுகாலம் உபதேசியாராக இருந்தார். இரக்கத்தைப் பற்றி அவரைப்போல் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தவர் அந்தப் பங்குக் கோவிலில் இல்லை. இன்று அவருடைய அன்றைய வயதைத் தாண்டிவிட்டேன். எத்தனை முறை நினைத்துப்பார்த்தும் இதில் ஓர் ஆறுதலும் அகப்படவில்லை.

அந்த ஞாயிறன்று வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு நன்மை வாங்கினேன். நாவில் நன்மை இருக்கும்போது திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பின்னால் யாரும் இல்லை. அத்தைக்கு வண்டி தப்பிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.