கோவிந்தம்மா செய்த ஓ.டி.

மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றுகூடப் பிள்ளைப்பாக்கம் கோவிந்தம்மா அவ்வளவாக அழவில்லை. அறுவை, மருந்து, கதிர் எல்லாம் முடிந்து, "இனிமே வீட்ல இருந்து உடம்பைப் பாத்துக்கோங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவைத்த பிறகுதான் அழுகை வந்தது. வீட்டில் குடத்தைத் தொட்டால் மருமகள் ஓடிவந்தாள். துடைப்பத்தை எடுத்தால் புருஷன் டில்லிபாபு பிடுங்கிக்கொண்டான். பார்க்க வந்தவர்கள் சாத்துக்குடியை வைத்துவிட்டு, ஏதோ தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பதுபோலக் குரலை இறக்கிப் பேசினார்கள். உட்காரவைத்துச் சோறு போட்டால் யாருக்குக் கசக்கும் என்பீர்கள். அவளுக்குக் கசந்தது.

ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கிற கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். தலைக்கு மேலே ஓடும் கம்பியில் துணிகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும். வலது கையை நீட்டி எடுத்துத் தைத்து, திரும்ப மேலே மாட்ட வேண்டும். அந்த வலது கைதான் இப்போது தோளுக்கு மேலே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. சூப்பர்வைசர் சங்கரநாராயணன் நெல்லைக்காரர், நல்ல மனுஷர். போனில் அவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார்.

"ஒங்க எடத்த ஆயுத பூஜை வரைக்கும் பிடிச்சு வச்சிருக்கேன்மா. அதுக்குள்ள கம்பெனி டாக்டர்ட்ட ஃபிட்னஸ் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துருங்க. அதுக்கு மேல என் கையில இல்ல, பாத்துக்கிடுங்க."

கோவிந்தம்மாவுக்கு வேண்டியதும் அது ஒன்றுதான். நோயாளி என்ற பெயரைக் கழற்றிப் போட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி, காலையில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவது.

அதற்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டவள் ஆஸ்பத்திரி நர்ஸ். சிகிச்சை முடிந்தவர்களுக்கு ஒரு டிரஸ்ட் போனிலேயே வகுப்பு நடத்துகிறது, காசு கிடையாது என்று சொல்லி இவள் நம்பரை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டாள். ஊர் ஊராகப் பெண்கள், போன் திரையின் சின்னச் சின்னக் கட்டங்களில் முகம் காட்டினார்கள். சென்னையிலிருந்து பூஜா என்கிற பிசியோதெரபிஸ்ட் மூச்சுப் பயிற்சியும் கைப் பயிற்சியும் சொல்லித்தருவாள். என்ன சாப்பிட்டீர்கள், தூங்கினீர்களா என்று கேட்பாள். "போன்ல கைய தூக்குனா கை சரியாப் பூடுமா?" என்று முதல் நாள் கேலி செய்தவள் கோவிந்தம்மாதான். கேலி செய்துகொண்டே சேர்ந்தும் விட்டாள்.

சின்ன வீடு, கதவைத் திறந்தால் தெரு. நாலு பேர் பார்க்கக் கையைத் தூக்க அவளுக்குக் கூச்சம். அதற்கு டில்லிபாபு ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். முதல் ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, ஜெனரல் ஷிப்டை ஏற்றப் போகும்வரை பஸ் ஏரிக்கரையில் சும்மா நிற்கும். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, போனை ஸ்டியரிங்கில் சாத்தி வைத்துவிட்டு, இவன் இறங்கிப் போய் மர நிழலில் துண்டை விரித்துவிடுவான். விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே நடத்த வேண்டும் என்பாள் பூஜா. பஸ்ஸில் சுவர் ஏது? படிக்கட்டுப் பக்கத்துக் கம்பியில் நடத்தினாள். கை கொஞ்சம் கொஞ்சமாக மேலே போயிற்று. கொடியில் தானே துணி காயப்போட்ட அன்று டில்லிபாபு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஜாங்கிரி வாங்கி வந்தான்.

புரட்டாசி பிறந்தது. நேரம் பார்த்து டில்லிபாபுவை ஒரு வாரத்துக்கு வாலாஜாபாத் ரூட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் இல்லாததால் வகுப்பும் இல்லை.

லைனில் நிற்கிறவர்களுக்கு ஒரு புத்தி உண்டு. வாரத்தில் டார்கெட் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி. என்கிற கூடுதல் நேரம் பார்த்து ஈடுகட்டிவிடலாம். கோவிந்தம்மா தன் உடம்பையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவுக்குப் பஸ் தெருமுனையில் வந்து நின்றதும் சாவியைக் கேட்டாள்.

"இன்னாத்துக்கு?" என்றான் டில்லிபாபு.

"ஒரு வாரம் பாக்கி கீது. முடிச்சுட்டு வந்துர்றேன்."

பத்துத் தடவை போதும், வலித்தால் நிறுத்துங்கள் என்று பூஜா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இவளோ எண்ணவே இல்லை. வலித்தபோது, வேலை ஏறுகிறது என்று சந்தோஷப்பட்டாள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்துச் சுவரிலேயே எழுதிப்போட்டிருக்கிறார்கள், யார் படிக்கிறார்கள்? மறுநாள் காலையில் கை வீங்கியிருந்தது. வளையல் முட்டிக்கொண்டு நின்றது.

நோய் திரும்பிவிட்டதோ என்று ஒரு பயம். வெளியே சொன்னால் வேலை போய்விடுமே என்று இன்னொரு பயம். நீளக் கை வைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். பழைய ரூட்டுக்குத் திரும்பியிருந்த பஸ்ஸில் உட்கார்ந்து, வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டு, "சிக்னல் இல்லம்மா" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அந்த வாரம் முழுக்கச் செய்தாள்.

கண்டுபிடித்தவள் கனகலட்சுமி. தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிறவள், அதே வகுப்பில் இருந்தாள்.

"யக்கா, ஒங்க கட்டம் மட்டும் கறுப்பாவே இருக்கு. சிக்னல் இல்லன்னா கொரல் மட்டும் எப்படிக் கணீர்னு கேக்கு?"

கோவிந்தம்மா கேமராவைப் போட்டாள். ஜாக்கெட் கையை மேலே தள்ளிவிட்டுக் கையைக் காட்டினாள்.

"எப்ப இருந்து இப்படி? காய்ச்சல் இருக்கா, சிவந்திருக்கா?" பூஜாவின் குரல் மாறிவிட்டது.

"காய்ச்சல்லாம் இல்லம்மா. ஒரு வாரம் வகுப்பு வுட்டுப்போச்சா... ஞாயித்துக்கெழம ஓ.டி. பாத்துட்டேன்."

"ஓ.டி.யா?" பூஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நான் நர்ஸ்கிட்ட இப்பவே பேசறேன். இனிமே என்கிட்ட மறைக்கக் கூடாது, சரியா?"

அதற்குள் கனகலட்சுமி தன் கையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டியிருந்தாள். "எனக்கும் இப்படித்தான்க்கா வீங்கிச்சு. விட்டுப்போன பீடியெல்லாம் ஒரே நாள்ல சுத்திருவோம்னு ஒக்காந்தேன். பாருங்க, இப்ப வடிஞ்சிட்டு." அடுத்த கட்டத்தில் இன்னொருத்தி கையைக் காட்டினாள். அதற்கடுத்து இன்னொருத்தி. முகம் தெரிந்த கட்டங்களில் எல்லாம் கைகள் தெரிந்தன. இவர்களில் ஒருத்தியையும் கோவிந்தம்மா நேரில் பார்த்ததில்லை. பெற்ற தாய்க்கும் காட்டக் கூசுகிற கையை இவளுக்காகக் காட்டினார்கள். அந்த நன்றியில் அவள் வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு டில்லிபாபு மர நிழலிலிருந்து எழுந்து ஓடிவந்து, கையைப் பார்த்து, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

நோய் திரும்பவில்லை, கையில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். இறுக்கிப் பிடிக்கிற துணி உறை ஒன்றைக் கையில் தோள்வரை மாட்டிவிட்டு, பதறாமல் செய்யுங்கள் என்று அனுப்பினார்கள். வெளியே வந்ததும் கோவிந்தம்மா தானே சங்கரநாராயணனைக் கூப்பிட்டாள்.

"கை வீங்கிப்போச்சு சார். நாந்தான் அவசரப்பட்டுட்டேன். எடத்த வேற யாருக்கனா குடுத்துருங்க."

அவர் மழுப்பவில்லை. "குடுத்துத்தான் ஆவணும்மா. ஆனா செக்கிங் மேசையில ஒரு எடம் தை மாசம் காலியாவுது. ஒக்காந்து நூல் வெட்டுத வேல, கையத் தூக்காண்டாம். அதுக்கு வாறியளா?"

ஆயுத பூஜை அவள் இல்லாமலே நடந்தது. கம்பெனியிலிருந்து பொரியும் கடலையும் வந்தன, தின்னப் பிடிக்கவில்லை. ஆனால் வகுப்பை விடவில்லை. பத்து என்றால் பத்துதான். தை பிறந்ததும் கம்பெனி டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். காதுவரை போயிற்று. அந்த வேலைக்கு இது போதும் என்று கையெழுத்துப் போட்டார்.

வேலைக்குப் போகிறவர்களுக்கென்று பூஜா சாயங்கால வகுப்பு ஒன்றும் வைத்திருந்தாள். முதல் நாள் வேலை முடிந்து டில்லிபாபு ஓட்டுகிற பஸ்ஸில் ஏறியபோதே அதற்கு நேரமாகிவிட்டது. சீட்டு முழுக்கப் பையன்களும் பெண்களும், திரைகள் எல்லாம் விலகிக்கிடந்தன. கோவிந்தம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு கேமராவைப் போட்டு, உறை மாட்டிய கையை எல்லாரும் பார்க்கத் தூக்கினாள்.

"கோவிந்தம்மா, பின்னாடி இவ்ளோ கூட்டமா இருக்கே, எங்க இருக்கீங்க?" என்று பூஜா கேட்டாள்.

டிரைவர் சீட்டுவரை கேட்கும்படி அவள் பதில் சொன்னாள்.

"வேலை முடிச்சுட்டு வூட்டுக்குப் போய்கினு கீறேன்மா."